இணைய முகவரிப் பதிவேடுகளில் முறைப்பாட்டுத் தொடர்பைத் தேடுதல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பில் சில பாடசாலைகளினதும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தினதும் வழங்கிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கடவுச்சொல்லை ஊகித்து உள்நுழைய முயலும் நிரல்கள் இரவு பகலாக வருகின்றன. அவற்றைத் தடுப்பது எளிது. ஆனால், அவை வரும் ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் ஒரு கணினியை அடையாளங்காட்டும் எண்ணுக்கு, பின்னால் இருப்பது பெரும்பாலும் தன்னை அறியாமலே தொற்றுக்குள்ளான ஒருவரின் கணினியே என்பதால், உரிய வலையமைப்புக்கு முறைப்பாடு அனுப்புவதையும் என் கடமையாகவே கருதுகிறேன்.

உலகின் ஐபி முகவரிகளை ஐந்து பிராந்தியப் பதிவேடுகள் பகிர்ந்தளிக்கின்றன. இலங்கை, பிரிஸ்பேனில் இயங்கும் ஆசிய பசிபிக் பதிவேடான ஏப்நிக்கின் கீழ் வருகிறது. ஒரு முகவரி யாருடையது, முறைப்பாட்டை யாருக்கு அனுப்புவது என்பதைப் பதிவேட்டிடமே கேட்கலாம். அப்படிக் கேட்கும் பழைய ஹூஇஸ் முறையில் ஒவ்வொரு பதிவேடும் தனக்கென ஒரு வடிவத்தில் விடை தரும். அதில் தொழில்நுட்பப் பொறுப்பாளர், நிர்வாகி, பதிவேடு எனப் பல மின்னஞ்சல்கள் கலந்து கிடப்பதால், கண்ணில் பட்ட அனைத்துக்கும் அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அது யாருடைய பொறுப்பும் இல்லாத கடிதமாகிவிடும். அதற்கு மாற்றாக 2015 இல் தரப்படுத்தப்பட்ட ஆர்டாப் முறையில் ஒவ்வொரு தொடர்புக்கும் அதன் பணி குறிக்கப்படுவதால், முறைப்பாட்டுக்கு உரியதை மட்டும் நிரலால் பிரித்தெடுக்க முடிகிறது. நான் இப்போது அதையே முதலில் கேட்கிறேன்.

ஏப்நிக் 2010 முதல் ஐஆர்டி எனும், பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் குழுவின் தொடர்புப் பதிவைக் கட்டாயமாக்கியது. 2019 முதல் அதிலுள்ள மின்னஞ்சல்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறது. அந்தப் பதிவின் குறிப்பு வரியில், முகவரி எந்தத் திகதியில் உறுதிசெய்யப்பட்டது அல்லது செல்லாததா என்பது தெரியும். என் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான். ஐரோப்பாவின் ரைப் பதிவேடு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கிறது.

இருந்தும், சரிபார்ப்பு என்பது வந்த இணைப்பை ஒருவர் சொடுக்கினார் என்பதற்கே சான்று; முறைப்பாட்டைப் படிக்கிறார் என்பதற்கு அல்ல. வெளிநாட்டு வழங்கி நிறுவனமொன்றின் உறுதிசெய்யப்பட்ட முகவரிக்கு எழுதியபோது, தங்கள் தளத்தின் படிவத்தை நிரப்புமாறு தானியங்கிப் பதில் வந்தது. அந்தப் படிவமோ அவர்களுடைய வாடிக்கையாளர் கணக்கைக் கேட்டது. பாதிக்கப்பட்டவரிடம் இப்படிக் கேட்பது நியாயமே அல்ல. இத்தகைய இடங்களில், அந்த முகவரித் தொகுதியை இணையத்தில் அறிவிக்கும் வலையமைப்பின் எண்ணைக் கண்டறிந்து, அதற்கு இணைப்பு வழங்கும் மேல்நிலை நிறுவனத்துக்கு எழுதுகிறேன். பெரிய தொகுதிக்குள் சிறு தொகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தால், மிகச் சிறியதன் தொடர்பிலிருந்தே தொடங்குவது நல்லது. ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் தேசியப் பதிவேடே விரிவான விபரத்தைத் தரும்.

சரியான முகவரி கிடைத்தாலும், கடிதம் சரியில்லாவிட்டால் பயனில்லை. எங்கள் வழங்கியின் நிகழ்வுப் பதிவு இலங்கை நேரத்தில் இருப்பதால், ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்து உலகப் பொது நேரத்தில் எழுதுகிறேன். ஒரு முறைப்பாட்டில் ஓர் ஐபி முகவரியும் நான்கைந்து பதிவு வரிகளும் இருக்கும்; அவற்றில் ஆசிரியர்களின் பயனர்பெயர் மறைக்கப்பட்டிருக்கும்.

எங்கள் தளங்களிலும், 1997 இன் ஆர்எஃப்சி 2142 எனும் இணையத் தர ஆவணம் சொல்லும், முறைப்பாடுகளுக்கான ‘அபியூஸ்’ அஞ்சற்பெட்டியை உருவாக்கி, இருவர் படிக்கும்படி வைத்திருக்கிறோம். ஆசிரியர் ஒருவரின் கணக்கிலிருந்து எரிதங்கள் எனும் வேண்டாத மின்னஞ்சல்கள் போவதை வெளிநாட்டு நிர்வாகி ஒருவர் அதன் வழியே அறிவித்தார். அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றி அவருக்குப் பதில் எழுதினோம்.