சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு: ஹட்டனில் ஓய்வுபெற்ற அரச சட்டத்தரணியின் ஆலோசனை

மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைப்பாணை வந்திருக்கிறதா, பயந்து அங்குமிங்கும் அலைவதற்கு முன்னால் இவரிடம் ஒருமுறை போய் வாருங்கள். ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை. சட்டமா அதிபர் திணைக்களத்தில் இளம் வயதிலேயே சேர்ந்து, கண்டி, பதுளை மேல் நீதிமன்றங்களில் முடி நரைக்கும்வரை அரச தரப்பில் வழக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். இப்போது வழக்கு எடுப்பதில்லை, ஆலோசனை மட்டும்தான்.

எங்கள் அத்தை ஒரு வெட்டு வழக்கில் கண்கண்ட சாட்சி. நீதவான் கோர்ட்டில் பெரும்பாலும் பொலிஸ்காரரே வழக்கை நடத்துவதைப் பார்த்துப் பழகிய தோட்டத்து ஆட்களுக்கு, மேல் நீதிமன்றத்தில் நிற்கிற கறுப்புக் கோட்டுகளில் யார் எந்தப் பக்கம் என்றே விளங்காது. ஐயா ஒரு தாளில் நீதிபதி, அரச சட்டத்தரணி, எதிரியின் லோயர், சாட்சிக் கூண்டு என்று கட்டம் போட்டுக் காட்டினார். அத்தை நடந்ததைச் சொல்ல வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "கண்டதை அங்கே சொல்லுங்கம்மா, என்ன சொல்வது என்று நான் சொல்லித் தரமாட்டேன்." அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதிக நேரம் பேசியது மொழியைப் பற்றி. இங்கே வழக்கு நடப்பது சிங்களத்தில். நம் ஆட்கள் கடைத்தெருவில் பழகிய சிங்களத்தை நம்பி, மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் முன்பே குறுக்கு விசாரணையில் எல்லாவற்றுக்கும் "ஓவ், ஓவ்" என்று தலையாட்டிவிடுகிறார்கள், பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தோடு அது இடித்தால் முரண்பாடு என்று பதிவாகிவிடும், உண்மையான சாட்சி இப்படிப் பாழாவதை எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்றார், குரலே மாறிவிட்டது. தமிழிலேயே சொல்லுங்கள், கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அப்புறம், சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம், அதற்கென்று 2015 இல் வந்த பாதுகாப்புச் சட்டம் 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டமாகப் புதிதாக வந்திருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

குறை என்றால், சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவதில்லை, படிக்கட்டும் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். கட்டணம் கொடுக்க முடிந்ததைத்தான் வாங்குகிறார். அழைப்பாணை சிங்களத்தில் வந்திருந்தால் அதை அப்படியே எடுத்துப் போங்கள், முதலில் அதை வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்.