சாயத் தண்ணீருக்கு எது? சிங்க் ஆக்சைடா, டைட்டேனியமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் அக்காவும் நானும் பாத்தேக் (மெழுகு வைத்துத் துணிக்குச் சாயமிடுவது) போடுகிறோம். ரெமசோல் சாயம், அதைத் துணியில் நிறுத்த சோடியம் சிலிக்கேட். அலசிய தண்ணீர் நீலமும் சிவப்புமாகச் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலுக்குப் போவது மனதை உறுத்தியது. கரி வடிகட்டி சாயத்தைப் பிடித்து வைக்கும், அழிக்காது. அதனால் வெயிலில் சாயத்தையே உடைக்கும் இரண்டு பொடிகளைப் பார்த்தோம்: சிங்க் ஆக்சைடு, டைட்டேனியம் டைஆக்சைடு.

வெயிலில் இரண்டும் ஒரே மாதிரிதான். இரண்டுக்கும் புற ஊதா ஒளி வேண்டும். சூரிய ஒளியில் அது சுமார் 5 விழுக்காடுதான். விலையில் சிங்க் ஆக்சைடு முந்துகிறது. ரப்பர் பதப்படுத்தவும் அதுதான் என்பதால் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. முதலில் அதைத்தான் வாங்கினோம்.

பிரச்சினை, பொடி நிலைத்து நிற்பதில். சிலிக்கேட் கலந்த தண்ணீர் கடும் காரம். சிங்க் ஆக்சைடு அதில் கரையும். சரி, அமிலம் விட்டுக் காரத்தை இறக்கலாம் என்றால், கொஞ்சம் கூடிப்போனாலும் கரையும். போதாததற்கு வெயிலும் அதை அரிக்கும். நிறம் போன தண்ணீரில் துத்தநாகம் (அதாவது சிங்க்) ஏறியிருக்கும். மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் துத்தநாகத்துக்கு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஒரு நஞ்சை எடுத்து இன்னொன்றை விடுவதற்கா இவ்வளவு பாடு?

டைட்டேனியம் டைஆக்சைடு இந்தக் காரத்திலும் கரையாது, நீர்த்த அமிலத்திலும் கரையாது. தண்ணீரை லேசான அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்தால் அதன் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் வரும். எதிர்மின்னேற்றமுள்ள ரெமசோல் தானாக வந்து ஒட்டும். அமிலம் என்றதும் தோட்டத்தில் ரப்பர் பால் உறையப் போடும் ஃபார்மிக் அமிலம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதையும் உடைக்க ஒளி செலவாகும். நீர்த்த கந்தக அமிலமே மேல்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. பொடி அவ்வளவு நைசு, இரண்டு நாளானாலும் அடியில் தங்காமல் தண்ணீர் பால் போலவே நிற்கும். அதனால் கண்ணாடித் தட்டுகளில் பூசி, சாயோங்கில் மண்பாண்டம் சுடும் ஒருவரின் மின்உலையில் 450 பாகையில் சுட்டு வாங்கினோம். சாய்வாக வைத்த தட்டுகளில் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடுகிறது. வேகம் குறைவுதான், பொடியில் ஒரு பகலில் தெளிந்தது இதில் மூன்று நாள் பிடிக்கிறது. கறுப்பு மாதிரி அடர் சாயத்தில் ஒளி இறங்காது, நீர்க்க வைத்துத்தான் விட வேண்டும்.

எட்டு மாத அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். சிலிக்கேட் படிவதால் வாரம் ஒருமுறை தட்டுகளைத் துடைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை அக்கா சனிக்கிழமை காலையில் முடித்துவிடுகிறார். புதுப் பொடி இன்னும் வாங்கவில்லை.