படத்தைக் காட்டிப் பறவையின் பெயர் கேட்பது: மூன்று ஆண்டு அனுபவம்

கோவையில் நொய்யலை ஒட்டிய குளக்கரைகளில் காலை நடை போகும் வழக்கமுள்ள எனக்கு, படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்று மூன்று ஆண்டுகளாகத் துணையிருக்கிறது. முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் வியப்பை மட்டும்தான் எழுதியிருப்பேன்.

சென்ற ஆண்டு ஜனவரியில் எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் சாம்பல் நிறப் பறவை ஒன்று வந்து அமர்ந்தது. மார்பில் செம்பழுப்புச் சாயலும் வாலில் பட்டைகளுமாக இருந்த அதைக் கண்டதும் தவிட்டுக்குருவிகள் கூச்சலிடத் தொடங்கிவிட்டன. இலைகளுக்கு இடையே தலையும் மார்பும் மட்டும் தெரிந்த படத்தைக் கொடுத்தபோது, செயலி முதலில் வைரி என்ற சிறிய வேட்டைப் பறவை என்றும் அடுத்ததாக அக்காக்குயில் என்றும் காட்டியது. தவிட்டுக்குருவிகளே ஏமாறும் தோற்றம் அது என்பதால், செயலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைரியின் அலகு குட்டையாக, கொக்கி போல வளைந்திருக்கும். கால்கள் மஞ்சளாக நீண்டிருக்கும். அக்காக்குயிலுக்கோ அலகு ஏறக்குறைய நேராக இருந்து நுனியில் மட்டும் சற்றே வளையும், கால்கள் குட்டை, விரல்களில் இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, அது கிளையைப் பற்றியிருந்த விரல்களும் அலகின் பக்கவாட்டுத் தோற்றமும் தெரியும்படி இன்னொரு படம் எடுத்துக் கொடுத்ததும், அக்காக்குயில் முதலிடத்துக்கு வந்தது. அன்று முதல், பட்டியலின் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டாவதையும் மூன்றாவதையும் படித்து, அவற்றை வேறுபடுத்தும் உறுப்பு என் படத்தில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

இளம் பறவைகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் கொண்ட செம்பருந்தை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் இளம்பறவை உடல் முழுக்கப் பழுப்பாக இருப்பதால் எளிதில் கள்ளப்பருந்தாகிவிடுகிறது. பறக்கும்போது வாலைப் பார்த்துவிட்டால் சிக்கல் தீரும்: கள்ளப்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கிப் பிளவுபட்டிருக்கும், செம்பருந்தின் வால் நுனி வட்டமாக இருக்கும். வால் வெட்டுப்பட்டுப்போன படத்தை வைத்துக்கொண்டு இவற்றுக்குப் பெயர் கேட்பதை நான் விட்டுவிட்டேன். (புள்ளி போட்ட புதுப்பறவை என்று அக்கம்பக்கத்தார் எனக்கு அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை பெண் குயில்தான், அதில் மட்டும் செயலி ஒருமுறைகூடத் தவறவில்லை.)

பலரும் கவனிக்காத இன்னொன்று, இடமும் தேதியும். வாட்ஸ்அப்பில் வரும் படங்களில், படத்தோடு பதிவாகியிருந்த எடுத்த இடம், நாள் ஆகிய விவரங்கள் நீங்கிவிடுகின்றன. படமும் சுருங்கி, இறகின் நுண்கோடுகள் மங்கிவிடுகின்றன. துபாயிலிருந்து என் சித்தப்பா மகன் அனுப்பிய சின்னான் (புல்புல்) படத்தை, செயலியில் கோவை என்றிருந்த இடத்தை மாற்றாமல் அப்படியே கொடுத்தபோது, நம் ஊர்ச் செம்மீசைச் சின்னான் என்று விடை வந்தது. வாலடி சிவப்பாக இல்லாமல் மஞ்சளாக இருப்பதைக் கண்டு சந்தேகப்பட்டு, இடத்தைத் துபாய் என்று மாற்றினேன். அங்கே தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் வெண்காதுச் சின்னான் என்று சரியாகச் சொன்னது. இப்போதெல்லாம் உறவினர்களிடம் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆகவே அனுப்பச் சொல்லி, எங்கே, எந்த மாதம் எடுத்தது என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

குளிர்காலத்தில் வலசை வரும் கதிர்க்குருவிகளில்தான் படத்தை நம்பும் முறை அடிக்கடி முட்டி நிற்கிறது. பிளித் நாணல் கதிர்க்குருவியையும் அதன் நெருங்கிய உறவினங்களையும் புதருக்குள் எடுத்த படத்தில் பிரிப்பது, ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களுக்கே கடினம். ஒரே பறவையை அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களுக்குச் செயலி மூன்று பெயர்களைச் சொன்ன நாளும் உண்டு. வேலிப்புதருக்குள்ளிருந்து ‘சக்... சக்’ என்று பிளித் நாணல் கதிர்க்குருவி இடைவிட்டு ஒலிப்பதைக் கைபேசியில் பதிவு செய்து கேட்பதே அங்கே பயன்படுகிறது. குரல் பதிவு இல்லாத பழைய படங்களைக் ‘கதிர்க்குருவி’ என்று மட்டும் பெயரிட்ட தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்திலும் அதில் பதினொரு படங்கள் சேர்ந்திருக்கின்றன.