நான்கு ஸ்டுடியோ ஹெட்போன்கள்: காதில் உட்காரும் விதமும் கேட்கும் விதமும்

சௌகரியத்துக்கு ஒரு மார்க், ஒலிக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டிப் பார்ப்பதுதான் ஹெட்போன் விமர்சனங்களில் வழக்கம். ஸ்டுடியோ ஹெட்போனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பேட் (கப்பின் ஓரத்தில் உள்ள மெத்தை) காதைச் சுற்றிச் சரியாக உட்காராவிட்டால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போய்விடும். பேஸ் போனால் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, தூக்கலாகத் தெரியும். அதை நம்பி மிக்ஸ் பண்ணுகிறவர், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கிறவர், கிக் டிரம்மை ஏற்றி வைப்பார். பிறகு ஸ்பீக்கரில் போட்டால் அறை முழுக்க தொம் தொம் என்று அதிரும். இத்தனைக்கும் காரணம் டிரைவராக (கப்புக்குள் ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) இருக்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியின் கம்பி பேட்டுக்கு அடியில் விட்ட சின்ன இடைவெளியே போதும்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் ஆகும். 40 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மெதுவான ஒலியில் ஓடவிட்டு, இரண்டு கப்புகளையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் உங்கள் தலையில் அந்த ஹெட்போன் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள், காதுக்குக் கீழே தாடை மூலையில் விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூடிய வகை ஹெட்போன் பேட்டுக்குள் அடைபட்ட கொஞ்சம் காற்றை அமுக்கித்தான் தாழ்ந்த ஒலிகளைக் கொடுக்கிறது. ஓட்டை இருந்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் மாறாது என்பதால் 'ஏதோ மெலிசாக இருக்கிறதே' என்று மட்டும் தோன்றும், காரணம் பிடிபடாது.

ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்துவதும் முக்கியம். 1 டெசிபெல் கூடுதல் சத்தமாக இருப்பதுதான் 'தெளிவாக' இருப்பதுபோல் படும். பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, ஒவ்வொன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பாட்டுக்குப் போக வேண்டும். கடையில் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் பல நேரம் சத்தம் அதிகமானதைத்தான் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

சோனி எம்டிஆர்-7506 1991-இல் வந்தது. இன்னும் ரெக்கார்டிங் அறைகளில் தொங்குகிறது. கேபிள் நீங்கலாக சுமார் 230 கிராம், 40 மில்லிமீட்டர் டிரைவர், 63 ஓம் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை). பிடிப்பு மென்மையானது, எடையும் குறைவு, ஆகவே முதல் ஒரு மணி நேரம் தலையில் இருப்பதே தெரியாது. தொல்லை அதற்குப் பிறகுதான். பேட் மெல்லியது, காது சற்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மடலின் விளிம்பு உள்ளே இருக்கும் துணியில் போய் முட்டும். முதலில் சூடு, பிறகு ஒரு மந்தமான வலி. சுருள் கேபிளின் எடை இடது கப்பைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். தலையைத் திருப்பினால் சீல் (பேட்டின் காற்றடைப்பு) ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போய், பேஸ் வலது பக்கம் சாய்ந்ததுபோல் கேட்கும். கேபிளை மேசையில் ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஒலியைப் பொறுத்தவரை இது பூதக்கண்ணாடி. மேல் ட்ரெபிள் தூக்கலாக இருப்பதால் வாயில் எச்சில் பிரியும் சத்தம், எடிட் செய்த இடத்தில் விழும் 'டிக்', 'ஸ்', 'ஷ்' எழுத்துகளின் கூர்மை எல்லாம் முகத்தில் அடிக்கும். குரல் பதிவைச் சுத்தம் செய்ய இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் இதிலேயே மிக்ஸை முடித்தால் ட்ரெபிளைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கம்பளி போர்த்திய மிக்ஸ் கையில் நிற்கும்.

இதன் பேட்டுக்கு ஒரு நிரந்தர வியாதி உண்டு. செயற்கைத் தோலின் மேல் படலம் வியர்வை பட்டுப் பட்டுத் தளர்ந்து, கறுப்புச் செதில்களாக உரிந்து காதிலும் கழுத்திலும் ஒட்டும். சிலர் அப்போது வெல்வெட் மாதிரியான வெலூர் பேட் வாங்கிப் போடுகிறார்கள். சூடு குறையும், உண்மை. கூடவே பேஸும் குறையும், ஏனென்றால் துணி காற்றை விட்டுவிடுகிறது. ஏற்கெனவே ட்ரெபிள் தூக்கலான ஹெட்போனில் பேஸையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கீச்சுக் குரல். அதே தோல் வகை பேட்டையே திரும்பப் போடுவதுதான் சரி.

சௌகரியத்தில் இந்த நான்கில் முதலிடம் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவுக்கு. வட்டமான, ஆழமான வெலூர் பேட். காது உள்ளே எதையும் தொடாமல் நிற்கும். 270 கிராம் எடை, இருந்தாலும் பரவலாக உட்காருவதால் உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுத்துவதில்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இதுவே கொஞ்சம் தயவு காட்டும், பேட்டின் நுரை கம்பியைச் சுற்றி வளைந்துகொடுக்கிறது. 80 ஓம் மாடலில் 3 மீட்டர் நேர் கேபிள், 250 ஓமில் சுருள் கேபிள். இரண்டிலும் கேபிளைக் கழற்ற முடியாது. இந்த ஹெட்போனின் மிகப் பெரிய குறை இதுதான்: நாற்காலிச் சக்கரம் ஒரு முறை ஏறினால் சால்டரிங் அயர்னைத் தேட வேண்டும். மற்றபடி பேட், ஹெட்பேண்ட் உறை, டிரைவர் எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும்.

ஒலி கீழே கொழுப்பாகவும் மேலே கூர்மையாகவும் இருக்கும். 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு மேடு நிற்கிறது. சிம்பலும் 'ஸ்' ஒலியும் ஊசியாகக் குத்துவது அதனால்தான். ஈக்யூவில் (அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) இதைச் சரிசெய்யலாம், ஆனால் யாரோ சொன்ன எண்ணை அப்படியே போடக்கூடாது. காதின் வடிவத்தைப் பொறுத்து மேட்டின் இடம் கொஞ்சம் நகரும். தாழ்ந்த ஒலியில் ஒரு சைன் டோனை 5-லிருந்து 11 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே திடீரென்று காதைக் குடைகிறதோ அந்த இடத்தில் க்யூ (எவ்வளவு அகலத்துக்கு இறக்குவது என்பதைச் சொல்லும் எண்) 2 அளவில் 4 டெசிபெல் இறக்குங்கள். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு பெண் குரல் பதிவைக் கேட்டு, 'ஸ்' மங்கிவிட்டால் 1 டெசிபெல் திருப்பிக் கொடுங்கள்.

ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 2014-இல் வந்த மாடல். 45 மில்லிமீட்டர் டிரைவர், 38 ஓம், 285 கிராம். கேபிள் கழற்றக்கூடியது, பெட்டியிலேயே மூன்று வருகிறது. செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். கப் 90 டிகிரி திரும்பும் என்பதால் ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுகிறவர்களுக்கு வசதி. சௌகரியத்தில்தான் இது சறுக்குகிறது. புதிதில் பிடிப்பு கெட்டி, பேட்டின் உள் வாய் சின்னது, தோலில் காற்றோட்டம் கிடையாது. பெரிய காது உள்ளவருக்குப் பேட் காதைச் சுற்றாமல் காதின் மேலேயே உட்காரும். அப்படி உட்கார்ந்தால் சீலும் இல்லை, சுகமும் இல்லை. ஒலியில் நடு-பேஸ் கொஞ்சம் வீங்கியிருக்கும். கிட்டாரின் கீழ்ச் சுரங்களும் ஆண் குரலின் அடிப்பகுதியும் உள்ளதைவிடப் பருமனாகத் தெரியும். டிரம் வாசிப்பவர் கேட்டுக்கொண்டே வாசிக்க அது நல்லது. மிக்ஸ் செய்ய அதையே நம்பினால் 150 ஹெர்ட்ஸ் பக்கம் அநாவசியமாக வெட்டிவிடுவீர்கள்.

சென்ஹைசர் எச்டி 600 வேறு சாதி. 1997 முதல் இருக்கும் ஓபன் பேக், 300 ஓம், 260 கிராம். கப்புக்குப் பின்னால் வெறும் கம்பி வலை. உள்ளே ஓடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். மைக் முன்னால் இதைப் போட்டால் கிளிக் ட்ராக் (தாளம் பிசகாமலிருக்க ஓடவிடும் 'டிக் டிக்' ஒலி) அப்படியே குரலோடு பதிவாகும், ஆகவே மிக்ஸிங்குக்கு மட்டும். அந்த வேலைக்கு இந்த வரிசையில் இதற்கு ஈடு இல்லை. குரல் நிற்கும் நடு அலைவரிசைகள் தூக்கலும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் வருகின்றன. ரிவெர்பின் (அறை முழக்கம்) வால் எங்கே முடிகிறது என்று எண்ணிச் சொல்லலாம். ஆழ்ந்த பேஸ் மட்டும் இறங்கிவிடும். 40 ஹெர்ட்ஸில் நடப்பதை இதில் முடிவு செய்யாதீர்கள்; அதற்கு மூடிய ஹெட்போனோ ஸ்பீக்கரோ வேண்டும்.

பேட் ஓவல் வெலூர், காற்றோட்டம் உண்டு, மூன்று மணி நேரம் போட்டாலும் காது வியர்க்காது. புதிதில் பிடிப்பு மட்டும் இடுக்கி மாதிரி. இதற்குப் பலர் ஹெட்பேண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிளாஸ்டிக்கை உடைத்துக்கொள்கிறார்கள். வளைக்க வேண்டியது பிளாஸ்டிக்கை அல்ல. இரு பக்கமும் அளவுக் கம்பியை முழுக்க இழுங்கள். உள்ளிருந்து ஓர் உலோகத் தகடு வெளியே தெரியும். அந்த உலோகத்தை மட்டும் கட்டைவிரலால் துளித் துளியாக வெளிப்புறம் வளைத்து, ஒவ்வொரு முறையும் தலையில் மாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பேட்டின் அடிப்பக்கம் தூக்கிக்கொள்ளும். எம்50எக்ஸுக்கு இந்த வித்தை வேண்டாம். தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஓர் இரவு மாட்டிவைத்தாலே தளரும்.

ஏகேஜி கே240 ஸ்டுடியோவையும் கேட்பவர்கள் உண்டு. 240 கிராம், 55 ஓம், தானாகவே அளவு சரிசெய்துகொள்ளும் ஹெட்பேண்ட். தலைக்கு இதமானது, ஆனால் அரைத் திறப்பு வகை என்பதால் பதிவுக்குக் கசியும், மிக்ஸிங்குக்கு எச்டி 600 அளவுக்குத் தெளிவும் இல்லை. சும்மா கேட்டுப் பழக நல்ல பொருள், அவ்வளவுதான்.

எந்த ஓம் வாங்குவது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. ஓம் அதிகமானால் தரம் அதிகம் என்பது கட்டுக்கதை. டிடி 770 ப்ரோவையே எடுத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளர் தரும் கணக்கு 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல். உச்சத்தில் 106 டெசிபெல் எட்ட 10 மில்லிவாட் வேண்டும். அந்த 10 மில்லிவாட்டைப் பெற 32 ஓமுக்குச் சுமார் 0.57 வோல்ட், 80 ஓமுக்கு 0.9 வோல்ட், 250 ஓமுக்கு 1.6 வோல்ட் தேவை. ஏறக்குறைய 1 வோல்ட்டில் நின்றுவிடும் கைபேசி அடாப்டரில் 250 ஓம் மாடலைச் செருகினால் ஒலியை முழுக்க ஏற்றியும் அந்த உச்சத்தை எட்டாது. வெறும் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), லேப்டாப்தான் இருக்கிறது என்றால் 80 ஓம் போதும்.

சில கருவிகளின் ஹெட்போன் அவுட்புட்டுக்கே 100 ஓம் அளவுக்கு இம்பிடன்ஸ், அதாவது இதே ஓம் கணக்கில் சொல்லும் மின்தடை, இருக்கும். எச்டி 600-இன் இம்பிடன்ஸ் பேஸ் பகுதியில் 500 ஓமைத் தாண்டி ஏறுவதால், அதில் செருகினால் பேஸ் சுமார் 1 டெசிபெல் கூடும். சிலர் இதைத்தான் 'வெதுவெதுப்பான ஆம்ப்' என்று புகழ்கிறார்கள்.

பாடகருக்குக் கொடுக்கும் ஹெட்போனை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். மாட்டிக்கொண்டு வாயை அகலத் திறந்து 'ஆ' என்று பாடச் சொல்லுங்கள். தாடை இறங்கும்போது காதுக்குக் கீழே பள்ளம் விழும். பேட் அதைத் தொடர்ந்து போகாவிட்டால் ஒவ்வொரு உயர்ந்த சுரத்திலும் கிளிக் ட்ராக் கசிந்து மைக்கில் விழும். ஆழமான நுரையுள்ள டிடி 770 இதில் தேறிவிடும், மெல்லிய பேட்டுள்ள 7506 தடுமாறும். இரண்டு காதும் இறுக மூடியிருந்தால் தன் குரலே தலைக்குள் கும்மென்று கேட்டுச் சுருதி விலகுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கப்பைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். அப்போது அந்தப் பக்கச் சேனலை மிக்ஸரில் மியூட் செய்துவிடுங்கள். திறந்து கிடக்கும் கப்பும் ஒரு ஸ்பீக்கர்தான்.

எந்த மாடலானாலும் பேட் என்பது தேயும் பொருள். நுரை அமுங்க அமுங்க டிரைவர் காதை நெருங்கும், ஒலியின் நிறம் மாறும். அது மாதக்கணக்கில் நடப்பதால் காது அதற்கேற்பப் பழகிவிடும். டிடி 770-இல் பேட்டை மாற்றக் கருவி எதுவும் வேண்டாம். பேட்டின் பின்புறம் ஒரு மெல்லிய உதடு கப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளத்தில் மாட்டியிருக்கும். ஓரிடத்தில் நகத்தால் நெம்பிச் சுற்றிக்கொண்டே போனால் கழன்றுவிடும். புதிதை மாட்டும்போது கீழ்ப்பகுதியை முதலில் பள்ளத்தில் பிடித்துவைத்து, சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றுவதுபோல் இரண்டு கட்டைவிரலாலும் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு போங்கள். உள்ளே டிரைவர்மேல் கிடக்கும் வட்ட நுரையை விட்டுவிடாதீர்கள்; அது இல்லாமல் மூடினால் ட்ரெபிள் இன்னும் குத்தும்.

முதலில் இடது பக்கம் மட்டும் புதிது போட்டு, வலது பக்கம் பழையதையே விட்டு, மோனோவில் (இரு காதிலும் ஒரே ஒலி) பிங்க் நாய்ஸைக் கேளுங்கள். இரு காதிலும் இரண்டு வேறு ஹெட்போன் மாட்டியதுபோல் இருந்தால், கடந்த சில மாதங்களில் செய்த மிக்ஸ்களை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவது நல்லது.