மூன்றரை வருடத்தில் ஐந்து பேர்: அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த அனுபவம்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றரை வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வராது. திருச்சியில் எங்களோடுதான் இருக்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்த அன்றே ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். இதுவரை ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். புதிதாக ஆள் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எல்லாரும் 'ஹோம் நர்ஸ்' என்கிறோம். வருகிறவர் பெரும்பாலும் நர்ஸ் இல்லை. குளிப்பாட்டவும், டயப்பர் மாற்றவும், ஊட்டவும், திருப்பிப் படுக்க வைக்கவும் பழகியவர். "எல்லாம் பார்த்துக்குவாங்க மேடம்" என்று ஏஜென்சியில் சொன்னதை நம்பி, முதல் வாரம் இன்சுலினையும் அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டேன். பத்து யூனிட்டா, பதினாறா என்று அவர் தயங்கிக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து நான்தான் போடுகிறேன். யூரின் டியூப் மாற்றுவது போன்ற வேலைக்குப் படித்த நர்ஸைத் தனியாக வரவழையுங்கள்.

அந்த முதல் அக்கா பதினான்கு மாதம் இருந்தார். தொடுவதற்கு முன்னால், "அம்மா, இப்ப திருப்பப் போறேன்" என்று சொல்லாமல் கை வைக்கமாட்டார். துடைத்துவிடும்போது கதவைச் சாத்தி, துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்தியிருப்பார். நைட்டி போடும்போது வராத கையை முதலில் நுழைப்பார், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுப்பார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் விழுந்த பக்கத் தோள் மூட்டு இறங்கிவிடும் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான். மேலே நகர்த்த, பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து முதுகுக்கு அடியில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்குவோம். இழுத்தால் தோல் உரசிப் புண் வந்துவிடும்.

மகள் பிரசவத்துக்காக அவர் ஊருக்குப் போனார். ஏஜென்சி இரண்டே மணி நேரத்தில் வேறு ஆள் அனுப்பியது. 'உடனடி ரீப்ளேஸ்மென்ட்' என்பதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கும் அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. வந்தவர் நல்ல பெண். நாலாம் நாள் இரவு அம்மாவின் பாதம் ஜில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பையை வலது காலோடு ஒட்டி வைத்திருக்கிறார். அந்தக் காலில் உணர்ச்சி கிடையாது. காலையில் கெண்டைக்காலில் இரண்டு பெரிய கொப்புளம். சர்க்கரை வேறு இருப்பதால் ஆற ஏழு வாரம் ஆனது. அம்மாவுக்குச் சுடவும் இல்லை, சுட்டிருந்தாலும் கூப்பிட வாயில்லை.

ஏஜென்சிக்குப் போன் செய்தால், "ஆளை மாத்தித் தர்றோம் மேடம்" என்றார்கள். ஆள் மாறியதால் வந்த காயத்துக்கு மறுபடியும் ஆளை மாற்றுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த மருந்து. வலது பக்கம் உணர்ச்சி இல்லை என்பதை அந்தப் பெண்ணிடம் அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடேயே ஊருக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: வலது பக்கம் சூடு தெரியாது. வெந்நீர்ப் பை கூடாது. குளிக்கிற தண்ணீரை முழங்கையில் பார்த்துவிட்டு ஊற்றவும். தண்ணீர் குடித்தால் புரை ஏறும், கஞ்சி கெட்டியாக இருக்கட்டும், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டவும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். இடது கையால் விரலை இறுக்கிப் பிடித்தால் வலிக்கிறது என்று அர்த்தம். மற்றப் பக்கங்களில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், மலம், சிறுநீர், சர்க்கரை அளவு.

திருப்புவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏர் பெட் வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தோம். போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்லித்தான் மருத்துவமனையில் அனுப்பினார்கள். படுக்கைப் புண் சிவந்து தொடங்கும் என்பார்கள், நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. தினமும் வால் எலும்பு, இடுப்பு, குதிகாலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றி இருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, தோல் கருத்தோ தெரிந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். பவுடர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. இதையெல்லாம் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

நடுவில் வந்த இருவரில் ஒருவர் ராத்திரி எழுந்து திருப்பவே இல்லை. கோபப்பட்டேன். பிறகு விசாரித்தால், பகல் முழுக்க வேலை, இரவிலும் அவரே, வாரம் ஏழு நாளும். யாரால் முடியும்? இருபத்து நாலு மணி நேர டியூட்டி என்று எழுதிக் கையெழுத்து போட்டது நான்தான். மாதம் 24,000 ரூபாய் நாங்கள் கட்ட, அவர் கைக்கு 15,000 போயிருக்கிறது. இப்போது இருக்கும் அக்காவுக்கு இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை தூக்கம், அந்த நேரம் நானும் கணவரும் மாறி மாறித் திருப்புகிறோம். ஞாயிறு மதியம் அவருக்கு லீவு. ஒன்றரை வருடமாக இருக்கிறார், அம்மா உடம்பில் ஒரு புண் இல்லை.

அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறார். மாற்று ஆளை இரண்டு நாள் முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறேன், அந்த இரண்டு நாளும் இருவருக்கும் சம்பளம். "எதுக்கு மேடம் வீண் செலவு" என்றார்கள் ஏஜென்சியில். அக்கா நோட்டில் புதுப் பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார்.