லண்டன் வேலை 'ஃபுல் பேக்கேஜ்': எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது

மட்டக்களப்பிலும் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் 'ஸ்பொன்சருடன் லண்டன் வேலை' என்று பலகை போட்ட இடங்களில் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே சரக்குத்தான். வேலை, கோஸ் (ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழ்), வீசா, ஆங்கிலப் பரீட்சை, காசநோய்ச் சோதனை, மொழிபெயர்ப்பு, டிக்கெட் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. எந்த இடத்தையும் பெயர் சொல்லி மதிப்பிடவில்லை. பேக்கேஜைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

விலையில் பெரும்பங்கை விழுங்குவது கோஸ். பெயர்தான் சான்றிதழ், கையில் பிடிக்கக் கடதாசி கிடையாது. வேலை தருபவர் பிரித்தானிய உள்துறை அமைச்சின் கணினியில் போடும் பதிவும் அதற்குரிய இலக்கமும்தான் அது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் நிறுவனம், இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி அனுமதி கேட்டுத்தான் அதைப் பெற முடியும். ஆகவே "பத்துக் கோஸ் கையில இருக்கு, அட்வான்ஸ் கட்டுங்க, உங்கட பேருக்கு எடுத்துத் தாறம்" என்பவர் ஒன்றில் முறை தெரியாதவர், அல்லது தெரிந்தே சொல்பவர். 2025 ஏப்ரல் கட்டணப்படி ஒரு கோஸ் 525 பவுண். அதை நிறுவனமே கட்ட வேண்டும். 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் ஸ்கில்ட் வேர்க்கர் (திறன் தொழிலாளர் வீசா) கோஸுக்கான செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டினால் நிறுவனத்தின் ஸ்பொன்சர் லைசன்ஸே பறிபோகலாம். அது போனால் அங்கே இறங்கியவருக்கு வழமையாக 60 நாள் அவகாசம்; அதற்குள் வேறு ஸ்பொன்சர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். கோஸுக்கென்று கேட்கும் லட்சங்களுக்கு இந்தப் பேக்கேஜில் எங்கள் மதிப்பெண் பூச்சியம்.

அடுத்தது வேலை. பழைய விளம்பரங்கள் இன்னும் சுற்றுகின்றன. 2025 ஜூலை 22 இலிருந்து கெயார் வேலைக்கு (முதியோர், நோயாளர் பராமரிப்பு) வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது நின்றுவிட்டது. மற்ற வேலைகளும் பொதுவாகப் பட்டதாரி மட்டத்தில் இருக்க வேண்டும். சம்பளம் வருடத்துக்குக் குறைந்தது 41,700 பவுண், அல்லது அந்தத் தொழிலுக்கு வகுத்த தொகை, எது கூடவோ அது. புதிதாகத் தொழிலுக்கு வருவோர், தாதியர் போன்றோருக்கு வேறு கணக்கு உண்டு. பட்டதாரி மட்டத்துக்குக் கீழே தற்காலிகப் பட்டியலில் சில தொழில்கள் இருக்கின்றன, ஆனால் அதில் புதிதாகப் போகிறவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. 'குடும்பத்தோடு போகலாம்' என்று சேர்த்து விற்கிறார்களா என்பதைக் கவனியுங்கள்.

நிறுவனத்தைச் சோதிக்க ஒரு சதமும் தேவையில்லை. லைசன்ஸ் உள்ள ஸ்பொன்சர்களின் பட்டியல் பிரித்தானிய அரச இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பெயர் இருந்தால் போதாது, 'ஸ்கில்ட் வேர்க்கர்' வழிக்குப் பக்கத்தில் 'ஏ' தரம் இருக்க வேண்டும். பிறகு பிரித்தானியக் கம்பனிகள் பதிவகத்தில் அதே பெயரைத் தேடினால் எப்போது தொடங்கியது, கணக்கு ஒழுங்காகக் கொடுக்கிறதா என்பதும் தெரியும். கோஸ் கிடைத்ததும் தொழில் குறியீடு, சம்பளம், வேலை நேரம், வேலை செய்யும் விலாசம் நான்கையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். குறியீடு ஒன்று, செய்யும் வேலை இன்னொன்று என்றால் அங்கேயே வீசா மறுக்கப்படலாம். கோஸ் வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும்.

ஆங்கிலத்தில் அதிகம் பேர் தடுக்குவது பரீட்சை வகையில். 2026 ஜனவரி 8 இலிருந்து பி2 மட்டம் வேண்டும், ஐ.ஈ.எல்.டி.எஸ் என்றால் நான்கு பகுதியிலும் தனித்தனியாக 5.5. 'யூகேவிஐ' (பிரித்தானிய வீசா, குடிவரவுப் பிரிவு) வகைப் பரீட்சையே எழுத வேண்டும், சாதாரண ஐ.ஈ.எல்.டி.எஸ்ஸில் 8 எடுத்திருந்தாலும் எடுபடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆங்கில மொழிமூலம் பட்டம் முடித்தவர் பரீட்சையே எழுதாமல் தப்பலாம். பட்டம், பெறுபேற்றுத் தாள், மொழிமூலத்தை உறுதிசெய்யும் பல்கலைக்கழகக் கடிதம் மூன்றையும் கொடுத்து, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பிரித்தானிய நிறுவனமான 'எக்டிஸ்' உறுதிப்படுத்தல் எடுக்க வேண்டும். வகுப்புக் கட்டணம் பேக்கேஜில் இருப்பதாலோ என்னவோ, இதை யாரும் சொல்வதில்லை.

'ஷோ மணி', அதாவது வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணம், என்று தனியாகக் கேட்பார்கள். வேண்டியது 1,270 பவுண், 28 நாள் தொடர்ந்து சொந்தக் கணக்கில். கடைசி நாளில் கடன் வாங்கிப் போட்டு எடுத்த வங்கிக் கூற்று வேலைக்காகாது. ஏ தர ஸ்பொன்சர் கோஸிலேயே பொறுப்பேற்றால் அந்தப் பணமும் காட்டத் தேவையில்லை.

இனி, காசு கொடுக்கத் தகுந்த இடம்: பெயரும் மொழிபெயர்ப்பும். பாஸ்போட்டில் 'மொஹமட்', பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது', பட்டத்தில் முதலெழுத்து மட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் ஓரெழுத்தாக இருக்கும். நல்ல ஒவீஸ் இதை முதல் நாளே பிடித்து, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கவும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் திகதி, கையொப்பம், தொடர்பு விபரத்தோடு எடுக்கவும் வழிகாட்டும். மோசமானது வீசா படிவத்தில் தானே ஒரு எழுத்துக்கூட்டலை உருவாக்கும்.

காசநோய்ச் சோதனை கொழும்பில், ஐ.ஓ.எம் (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில். சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை இரண்டு மாதம் வரை இழுக்கும் என்பதால் டிக்கெட்டை முந்திப் போடாதீர்கள். பொலிஸ் சான்றிதழ் சுகாதாரம், கல்வி போன்ற வேலைகளுக்கே கேட்கப்படும். கட்டார், சவூதியில் கடந்த பத்து வருடத்துக்குள் ஒரு வருடம் இருந்தவர் அந்நாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். நாள் பிடிப்பது அதுதான்.

மூன்று வருட வீசாவுக்கு 2025 ஏப்ரல் கட்டணப்படி 769 பவுண், சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் 3,105. வீசா மறுத்தால் இந்த 3,105 திரும்பி வரும், 769 வராது. சொந்தக் கார்டில் கட்டினால் திரும்பும் பணம் உங்களுக்கே வரும், ஏஜென்ட் கார்டில் கட்டினால் அவருக்கு.

இப்போது பாஸ்போட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, இ-வீசாதான். அது யூகேவிஐ கணக்குக்குள் இருக்கும். கணக்கை ஒவீஸின் ஈமெயிலிலும் போன் நம்பரிலும் திறந்துவிட்டால், அங்கே வேலைக்குச் சேரும்போது கேட்கும் ஷெயார் கோட்டை (வேலை செய்யும் உரிமையைக் காட்டும் குறியீடு) எடுக்க வழி இருக்காது. ஈமெயில், நம்பர், பாஸ்வேட் மூன்றும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இலங்கைப் பக்கத்தில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசன்ஸ் வேண்டும். 'நாங்க கன்சல்டன்சி மட்டும்தான்' என்பவர் வேலையும் விற்றால், லைசன்ஸ் இலக்கத்தைக் கேட்டு, பணியகத்தின் 1989 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். நேரடியாக வேலை கிடைத்தவரும் புறப்படுமுன் பணியகத்தில் பதிய வேண்டும். விபரத்துக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்கலாம். எந்தத் தொகையையும் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம், சீட்டில் 'ஆலோசனை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த வேலைக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.