ஆறு ஸ்கோர் ரிப்போர்ட் பார்த்த ஒரு அம்மாவின் விமர்சனம்

மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியில் வருடத்துக்கு மூன்று முறை கணினியில் ஒரு ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்ட் வைக்கிறார்கள். ஒரு தனியார் கம்பெனி தரும் சேவை, பெயர் வேண்டாம். கணக்கு ஒரு நாள், வாசிப்பு ஒரு நாள், இரண்டு வாரம் கழித்து பெற்றோர் மெயிலுக்கு நான்கு பக்க பிடிஎஃப் வந்து விழும். ஆறாம் வகுப்பில் மூன்று, ஏழாம் வகுப்பில் மூன்று என்று இதுவரை ஆறு ரிப்போர்ட் பார்த்தாகிவிட்டது. தேர்வுக்கு நான்கு நட்சத்திரம் தருவேன், ரிப்போர்ட்டுக்கு இரண்டு, அதை வைத்துக்கொண்டு பள்ளி அடிக்கும் கூத்துக்கு ஒன்று கூடத் தர மனசு வரவில்லை.

தேர்விலிருந்தே தொடங்குகிறேன். பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும் வகை இது. சரியாகப் போட்டால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும், தப்பாகப் போட்டால் கொஞ்சம் சுலபமாக வரும், இப்படி ஏறி இறங்கியே பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று பிடித்துவிடும். முதல் தடவை எழுதிவிட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, "பாதிக்குப் பாதி தெரியலம்மா, எல்லாம் புதுசு புதுசா வந்துச்சு" என்றாள். ஒழுங்காகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று நானும் என் பங்குக்கு ஒரு வாங்கு வாங்கினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த வகைத் தேர்வில் கெட்டிக்காரப் பிள்ளையானாலும் சுமாரான பிள்ளையானாலும் ஏறக்குறைய பாதிதான் சரியாக வரும், அப்படி வரும்படிதான் கேள்வியையே பொறுக்கிப் போடுகிறது. வகுப்பில் எப்போதும் தொண்ணூற்றைந்து வாங்கிப் பழகிய பிள்ளைதான் அன்றைக்கு அதிகமாக நொந்துபோய் வரும். இதைத் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒரு வரி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, ஆறு தடவையில் ஒரு தடவைகூட.

இன்னொன்று, ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் பார்க்கலாம் என்று நாம்தானே சின்ன வகுப்பிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம், அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. இரண்டாம் தடவை அந்தக் கடுப்பிலேயே நடுவில் சில கேள்விகளுக்கு எதையோ தட்டிவிட்டு வந்திருக்கிறாள். அதை ரிப்போர்ட் கண்டுபிடித்துவிட்டது. படித்துப் பார்க்கவே போதாத வேகத்தில் விடை தந்த கேள்விகள் 7 என்று நான்காம் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில் போட்டிருந்தது. நல்ல வசதிதான், ஆனால் அந்தத் தடவை வந்த ஸ்கோரை நம்பலாமா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும் தகவலை யாராவது அங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பார்களா?

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருப்பதெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு ஸ்கோர், பக்கத்தில் ஒரு பர்சன்டைல், அதற்குக் கீழே பச்சையிலோ சிவப்பிலோ ஒரு அம்புக்குறி. பர்சன்டைல் 58 என்று பார்த்ததும் என் வீட்டுக்காரர், "கணக்கில் 58 மார்க்கா?" என்று அதிர்ந்துபோனார். மார்க் இல்லை. ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் அதே வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 58 பேரை விட மேலே இருக்கிறாள் என்று அர்த்தம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளின் கூட்டம் நடுவில்தான் அதிகம், அதனால் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு ஸ்கோர் இரண்டு புள்ளி நகர்ந்தாலே பர்சன்டைல் மடமடவென்று ஏறும் அல்லது இறங்கும், உச்சியில் நிற்பவருக்கு அதே இரண்டு புள்ளி பெரிதாக எதையும் அசைக்காது. 58 போய் 52 வந்தது என்று தலையில் கைவைப்பதற்கு முன்னால் ஸ்கோர் எவ்வளவு மாறியது என்று பாருங்கள்.

ஸ்கோரைப் பார்த்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் அவளுடைய கணக்கு ஸ்கோர் 221, 224, 220. மூன்றாவதற்குச் சிவப்பு அம்பு போட்டு "சரிவு" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதே ரிப்போர்ட்டின் நான்காம் பக்கத்தில் (ஆமாம், மறுபடியும் அந்தச் சாம்பல் நிற எழுத்து) அளவீட்டுப் பிழை கூட்டியோ குறைத்தோ 3 என்று இருக்கிறது. ஒரு ஸ்கோருக்கே 3 என்றால் இரண்டு ஸ்கோருக்கு நடுவில் உள்ள வித்தியாசத்துக்குப் பிழை 4-ஐத் தாண்டும், இரண்டு பக்கத்து ஆட்டமும் சேருமே. அப்படியானால் 224-லிருந்து 220 என்பது சரிவா, அன்றைக்குத் தூக்கம் போதவில்லையா, ஒன்றுமே இல்லையா என்று அந்தத் தேர்வாலேயே சொல்ல முடியாது. ஆனால் அம்பு மட்டும் தயங்காமல் கீழே காட்டுகிறது. இரண்டு நட்சத்திரம் குறைத்ததற்கு இந்த அம்புதான் காரணம். எடை பார்க்கும் மெஷின் மூன்று கிலோ முன்னே பின்னே காட்டும் என்று தெரிந்தால் அதை வைத்து யாரையாவது இளைத்துவிட்டாய் என்று சொல்வோமா.

சரி, திட்டியது போதும், நான்கு நட்சத்திரம் எதற்கு என்று சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தில் பாடப்பகுதி வாரியாகப் பிரித்துத் தருவார்கள். ஜியோமெட்ரி நன்றாக இருந்தது, பின்னங்களும் விகிதமும் வரும் பகுதி மட்டும் மூன்று தடவையும் கீழே. எனக்கு நம்பிக்கையில்லை, ஏனென்றால் பள்ளிப் பரீட்சையில் பின்னத்தில்தான் அவள் முழு மதிப்பெண் வாங்குவாள். தேர்வில்தான் கோளாறு என்று நினைத்தேன். எந்தக் கேள்வி தப்பு என்று பார்க்கலாம் என்றால் அதைக் காட்டவே மாட்டார்கள். கேள்விகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், வெளியே விட முடியாது, அது நியாயம்தான், ஆனால் பெற்றோருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

அப்போது ஒரு பழைய கேள்வி ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்று ஒன்று நடத்துகிறார்கள், அதில் 1978-ல் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது: 12/13 + 7/8, கணக்குப் போடாமல் மதிப்பாகச் சொல், விடை எதற்குக் கிட்டத்தில் வரும், 1, 2, 19, 21? 24 சதவீதம் பேர்தான் 2 என்று சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21, அதாவது மேலே உள்ளதைக் கூட்டியது அல்லது கீழே உள்ளதைக் கூட்டியது. ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே அதை எழுதி மகளிடம் நீட்டினேன். போடாதே என்று சொல்லியும் கேட்காமல் பென்சிலை எடுத்து, எல்சிஎம் 104, 96-ம் 91-ம், கூட்டினால் 187/104 என்று அழகாகப் போட்டுக் கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டாள். சரியான விடை. பள்ளிப் பரீட்சையில் முழு மதிப்பெண். இந்த நாலில் எதற்குக் கிட்ட என்று கேட்டதும் பென்சில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நூத்தி எண்பத்தேழுன்னா... 19 பக்கமா?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கோடு போட்டு 0, 1, 2 என்று குறித்து, 12/13 எங்கே வரும் காட்டு என்றேன். விரலை 1-க்குச் சற்று முன்னால் வைத்தாள், வைத்த விரல் எடுக்காமலே, "அய்யோ, ரெண்டுமே கிட்டத்தட்ட ஒண்ணு" என்று சிரித்துவிட்டாள். வழிமுறை மனப்பாடம், பின்னம் என்பது ஒரு எண், கோட்டில் அதற்கும் ஒரு இடம் உண்டு என்பது மட்டும் உறைக்கவில்லை. பள்ளிப் பரீட்சை இரண்டு வருடமாகப் பிடிக்காததை இந்தத் தேர்வு பிடித்திருக்கிறது, அதனால்தான் நான்கு நட்சத்திரம். பிடித்ததை நான்தான் நோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

இனி பள்ளி. ரிப்போர்ட் வந்த வாரமே வாசலில் ஒரு பேனர், சராசரி இரண்டு புள்ளி உயர்ந்துவிட்டது, ஆசிரியர்களுக்கு வாழ்த்து. ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்து அவர்கள் ஸ்கோர் சராசரிக்கு மேலும் கீழும் பொதுவாக 15 புள்ளி அளவுக்கு விலகியிருந்தால், பாடம் நடத்துவதில் எதுவுமே மாறாவிட்டாலும் வருடத்துக்கு வருடம் வரும் புதுப் பிள்ளைகளாலேயே சராசரி இரண்டு மூன்று புள்ளி ஆடும். போன வருடம் இறங்கியபோது பேனர் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் ஓவியம், விளையாட்டு எல்லா பீரியடும் மாதிரித் தேர்வுக்குப் போய்விடும். தேர்ச்சிக் கோட்டுக்கு ஒட்டி நிற்கும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, ரொம்பக் கீழே இருக்கும் பிள்ளைகளை யாரும் கண்டுகொள்வதில்லை, அவர்களால் கோட்டைத் தாண்ட முடியாது, சதவீதத்துக்குப் பயனில்லை. ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க எடுக்க அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று டொனால்ட் கேம்பெல் என்ற சமூக விஞ்ஞானி 1970-களிலேயே எழுதி வைத்துவிட்டார், எங்கள் பள்ளி அதற்கு உதாரணம் காட்டிக்கொண்டிருக்கிறது.

சராசரி ஸ்கோரைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். அந்த எண்ணில் பாதிக்கு மேல் எந்தப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள் என்ற கதைதான் இருக்கும், பள்ளி என்ன சொல்லிக்கொடுத்தது என்ற கதை இருக்காது. ஆறாம் வகுப்பில் எங்கே தொடங்கி எட்டாம் வகுப்பில் எங்கே முடித்தார்கள் என்ற கணக்கைக் கேள், தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான் என்றேன்.

முதல் பக்கத்திலேயே அளவீட்டுப் பிழையைப் போடுங்கள், வித்தியாசம் அதற்குள் அடங்கினால் அம்பு வேண்டாம் என்று கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவையை எவ்வளவு மதிப்பிடுவீர்கள், 1 முதல் 10 வரை ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்" என்று பதில் வந்தது. 7 போட்டு, பக்கத்தில் கூட்டியோ குறைத்தோ 3 என்று எழுதப் பார்த்தேன், பெட்டி எண்ணைத் தவிர எதையும் ஏற்கவில்லை.